சட்டச் சொற்களும் நம் வீட்டுத் தமிழும்

நம்மில் பலர் பல்கலைக்கழகத்திற்கு வருவதற்கு முன்பே மொழிபெயர்ப்பாளர்களாகப் பணியாற்றியவர்கள்தாம். நியமனக் கடிதம் இல்லை, ஊதியம் இல்லை. ஒரு குவளை மைலோவும் இரண்டு பிஸ்கட்டும் கிடைத்திருக்கும். அக்கம்பக்கத்தில் ஒருவர் வீட்டிற்கு அரசாங்கக் கடிதமோ வங்கிக் கடிதமோ வந்துவிட்டால், "படிக்கிற பிள்ளையைக் கூப்பிடு" என்பார்கள். அந்தப் பிள்ளையும் போய் நின்று, மலாய்க் கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லிவிட்டு வந்துவிடும். எங்கள் வரிசை வீடுகளில் அந்தப் பிள்ளை நான்தான்.

என் ஊர் தெலுக் பங்லிமா காராங். கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் வழியில் உள்ள ஊர். ஒரு பக்கம் தொழிற்சாலைகள். லங்காட் ஆற்றைக் கடந்து சென்றால் கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்தில் பிறந்து, பிறகு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன தலைமுறை எங்கள் பெற்றோர் தலைமுறை. அவர்களுக்குச் சந்தை மலாய் நன்றாக வரும். ஆனால் கடிதத்தில் வரும் மலாய் வேறு மலாய்.

நான் படிவம் ஐந்தில் படித்துக் கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அத்தை ஒரு கடிதத்தோடு வந்தார். அவருடைய தம்பி மகன் வேன் வாங்கக் கடன் எடுத்திருந்தான். அத்தையும் இன்னொருவரும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "சும்மா சாட்சிக் கையெழுத்துதான் அத்தை" என்று அவன் சொல்லியிருந்தானாம். தாளில் இருந்த சொல் 'பெஞ்சாமின்'. அதாவது பிணையாளர். சாட்சி பார்த்தவர்; பிணையாளர் பொறுப்பேற்றவர். இந்த இரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பது அன்று அத்தைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வேன் கடன் கட்டப்படாமல் நின்றுபோனதால் வந்த கடிதம் அது. அதில் 'பெர்செசாமா டான் பெராசிஙான்' என்றொரு தொடர் இருந்தது. அகராதியைப் புரட்டிப் பார்த்து, "சேர்ந்தும் தனித்தனியாகவும் நீங்க ரெண்டு பேரும் பொறுப்பு" என்று சொன்னேன். அத்தை சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அப்போ ஆளுக்குப் பாதிதானே தம்பி?"

"ஆமா அத்தை" என்றேன்.

நான் சொன்ன சொற்களில் தவறில்லை. இன்றும் எந்தச் சட்ட அகராதியிலும் அந்தத் தொடருக்குக் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்றுதான் இருக்கும். ஆனால் நான் சொன்ன பொருள் முழுத் தவறு. கடன் கொடுத்தவர் இருவரிடமும் சேர்த்துக் கேட்கலாம். வேண்டுமானால் ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம் என்பதே அந்தத் தொடரின் பொருள். பாதிப் பாதி என்பது அதில் எங்குமே இல்லை. தனித்தனியாக என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் காதுக்குப் 'பங்கு பிரித்து' என்றுதான் தோன்றும். சட்டத்தில் அதற்கு நேர் எதிரான பொருள்.

மற்றொரு பிணையாளர் ஜொகூர் பக்கம் போய்விட்டார். அத்தை தம் பாதியைச் சேர்க்கத் தொடங்கினார். நான் பல்கலைக்கழக விடுதிக்கு வந்துவிட்ட பிறகு அவருக்கு இன்னொரு தாள் வந்தது. அதன் தலைப்பில் 'சாமான்' என்றிருந்தது. நம் நாட்டில் சம்மன் என்றால் என்ன? சாலையில் வேகமாகப் போனால் காவல்துறை போடுவது. தள்ளுபடி அறிவிக்கும்போது போய்க் கட்டுவது. வேனுக்கு ஏதோ சம்மன் வந்திருக்கிறது, தம்பி மகன் வந்தால் கொடுக்கலாம் என்று அத்தை அதைச் சாமிப் படத்திற்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். அது நீதிமன்ற அழைப்பாணை. குறிப்பிட்ட நாளில் அவர் போகவில்லை. எதிர்வாதம் செய்ய எவரும் வராத நிலையில் முழுத் தொகைக்கும் தீர்ப்பாயிற்று. வட்டியும் செலவுத் தொகையும் சேர்ந்துகொண்டன. 55 வயதில் கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதி அதற்கே போனது.

அத்தை ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் "ஆமா அத்தை" என்ற அந்த இரண்டு சொற்களை நான் மறந்ததில்லை. இன்று கிள்ளானில் சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பதே என் பிழைப்பாக இருப்பதற்கும் அதுவே காரணம். இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: நம் சமுதாயத்திற்குத் தேவையான சட்டத் தமிழ் வெறும் சொல்லுக்குச் சொல் பட்டியலாக இருந்தால் போதாது, அந்தச் சொல் இந்த நாட்டில் என்ன செய்யும் என்பதையும் அது சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"தமிழ்நாட்டில்தான் சட்டச் சொல் அகராதிகள் இருக்கின்றனவே, எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். சட்டத்தைத் தமிழில் சொல்லும் முயற்சி அங்கு நீண்ட வரலாறு உடையது. தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து மாவட்ட முன்சீபாக உயர்ந்தவர். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் 1862இல் வெளியிட்டார். அதாவது, நம் முதல் நாவலாசிரியர் தம் கதையை வெளியிடுவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே சட்ட மொழிபெயர்ப்பை வெளியிட்டிருக்கிறார். 1956இல் தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின் சட்டத்துறைச் சொல்லாக்கம் அரசுப் பணியாகவே நடந்தது. ஒப்பந்தச் சட்டத்தில் வரும் 'மறுபயன்', 'தீங்கியல்' என்ற துறைப்பெயர் போன்ற நல்ல சொற்கள் அப்படிக் கிடைத்தவையே. அவற்றை நாம் நன்றியோடு பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா என்றால், முடியாது என்பதே என் அனுபவம். ஓர் எடுத்துக்காட்டு. 'கேவியட்' என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் 'முன்னெச்சரிக்கை மனு' என்பார்கள். ஒருவர் தமக்கு எதிராக வழக்குப் போடுவார் என்று எதிர்பார்ப்பவர், "என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்" என்று நீதிமன்றத்தில் முன்கூட்டியே கொடுக்கும் மனு அது. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி அதன் ஆயுள் 90 நாட்கள். நம் நாட்டிலோ 'கேவியட்' என்றால் மக்கள் நினைப்பது நிலத்தை. ஒரு நிலத்தில் தமக்கு உரிமை இருப்பதாகக் கருதுபவர், அந்த நிலம் கைமாறாதபடி நில அலுவலகப் பதிவில் போட்டு வைக்கும் தடை அது. தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி தனியார் கேவியட் விலக்கப்படாவிட்டால் 6 ஆண்டுகள் வரை நிற்கும். ஒன்று நீதிமன்றத்தில் கொடுக்கும் மனு, மற்றது நிலப்பதிவில் விழும் தடை. ஒன்றுக்கு மூன்று மாதம், மற்றதற்கு ஆறு ஆண்டு. "உங்கள் நிலத்தின் மேல் முன்னெச்சரிக்கை மனு இருக்கிறது" என்று கோல லங்காட்டில் வீட்டு மனை வாங்கப் போகும் ஒருவரிடம் சொன்னால், அவர் என்ன புரிந்துகொள்வார்? ஏதோ எச்சரிக்கை, கவனமாக இருந்தால் போதும் என்று முன்பணத்தைக் கட்டிவிடுவார்.

இது தமிழ்நாட்டின் குறையன்று. சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஆகவே சட்டச் சொல்லும் வேறு. மாஜிஸ்திரேட் என்று நாம் அழைப்பவரைத் தமிழ்நாட்டில் குற்றவியல் நடுவர் என்கிறார்கள், இலங்கையில் நீதவான் என்கிறார்கள். நிலத்தின் உரிமை ஆவணம் தமிழ்நாட்டில் பத்திரம், இலங்கையில் உறுதி, நம் வீடுகளில் கிராண்ட். மூன்றும் தமிழர் பேசும் சொற்களே. மூன்றுக்கும் பின்னால் மூன்று வெவ்வேறு அலுவலகங்களும் நடைமுறைகளும் இருக்கின்றன.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். இத்தாலிய நாட்டின் வடக்கே தென் திரோல் என்றொரு மாநிலம் உண்டு. அங்குள்ளவர்களில் பெரும்பான்மையோரின் தாய்மொழி ஜெர்மன். ஆனால் அவர்களை ஆள்வது இத்தாலியச் சட்டம். எல்லைக்கு அப்பால் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் நன்கு வளர்ந்த ஜெர்மன் சட்டச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. இருந்தும் அவற்றை அள்ளிக்கொண்டு வந்து பயன்படுத்த முடியவில்லை. அவை அந்த நாடுகளின் சட்டத்தைச் சொல்பவை. இத்தாலியச் சட்டத்தைச் சொல்பவை அல்ல. நீதிமன்றத்திலும் அரசு அலுவலகங்களிலும் ஜெர்மன் மொழியைப் பயன்படுத்தும் உரிமை 1988ஆம் ஆண்டின் 574ஆம் எண் ஆணையால் நடைமுறைப்படுத்தப்பட்டது. அந்த ஆணையின் கீழேயே, இரு மொழியினரும் சம எண்ணிக்கையில் அமரும் கலைச்சொல் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஒவ்வொரு இத்தாலியச் சட்டச் சொல்லையும் எடுத்து, அதன் பொருளை வரையறுத்து, பக்கத்து நாடுகளின் ஜெர்மன் சொல்லோடு ஒப்பிட்டு, எது பொருந்தும் எது பொருந்தாது என்று முடிவு செய்வதே அவர்கள் பணி. போல்சானோ நகரிலுள்ள ஆய்வு நிலையம் 2001 முதல் இச்சொற்களைத் தேடிப் பார்க்கும் வசதியைப் பொதுமக்களுக்கே திறந்து வைத்திருக்கிறது.

அங்கே அவர்களுக்கு அரசியல் சட்ட உரிமையும் அரசின் பணமும் பின்பலமாக உள்ளன. நம் நிலை வேறு. நம் நீதிமன்றங்களின் மொழி மலாய்; நீதியின் நலன் கருதி ஆங்கிலமும் இடம்பெறுவதுண்டு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தேசிய மொழியைக் கற்றுத் தேர்வது நம் கடமை. ஆனால் தமிழுக்கு இடமே இல்லை என்பதும் உண்மையன்று. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால், அவருக்குப் புரியும் மொழியில் அது பெயர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பு. அதன் 112ஆம் பிரிவின் கீழ் காவல்துறையில் தரும் வாக்குமூலத்தையும், அதைச் சொன்னவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியிலேயே வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். பொதுநலன் கருதி அரசாங்க ஆவணங்களைப் பிற சமூகங்களின் மொழிகளில் பெயர்த்துப் பயன்படுத்தும் உரிமையைத் தேசிய மொழிச் சட்டத்தின் 3ஆம் பிரிவும் விட்டு வைத்திருக்கிறது. கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே கொண்டு போவதற்குச் சொற்கள்தாம் நம்மிடம் ஆயத்தமாக இல்லை.

மலாயிலிருந்து தமிழுக்கு வருவது மட்டுமல்ல, தமிழிலிருந்து மலாய்க்குப் போவதும் சிக்கலே. வேலை இழந்து வரும் ஒரு தொழிலாளியைக் கேளுங்கள். "வேலை நின்னு போச்சுங்க" என்பார். யார் நிறுத்தினார்கள்? நம் பேச்சில் அது சொல்லப்படுவதில்லை. ஆனால் பாரத்தை நிரப்புபவர் மலாயில் 'பெர்ஹெந்தி' என்று எழுதினால் அவராகவே நின்றுகொண்டார் என்று ஆகிவிடும். 'டிபெர்ஹெந்திகான்' என்று எழுதினால் முதலாளி நிறுத்தினார் என்று ஆகும். நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும். தாமாகவே நின்றுகொண்டதாகத் தாம் கொடுத்த தாளிலேயே இருந்தால், அவர் அந்தப் படியைத் தாண்டுவதே கடினம். முப்பது ஆண்டு உழைப்பு ஒரு மலாய் முன்னொட்டில் தொங்குகிறது. "யார் நிறுத்தியது அண்ணே? நீங்களா, அவங்களா?" என்று ஒரே ஒரு கேள்வியை மொழிபெயர்ப்பவர் கேட்டிருந்தால் போதும். எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்று அறிந்திருப்பதுதான் சட்ட மொழிபெயர்ப்பு.

இனி நம் தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் சிலருக்குக் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றைச் சொல்லப் போகிறேன். பிறமொழிச் சொல் கலவாத தமிழை நானும் விரும்புகிறேன். 'ஜாமீன்' இருந்த இடத்தில் 'பிணை' வந்து அமர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. பிணை பழைய சொல், மக்களுக்குப் புரிகிற சொல். ஆனால் நிலத்தின் மேல் விழும் கேவியட்டுக்கு நாமாக ஒரு தமிழ்ச் சொல்லை ஆக்கி ஆண்டு மலரில் அச்சிட்டுவிட்டால், நில அலுவலக முகப்பில் அந்தச் சொல் எதற்கு உதவும்? தாளில் இருப்பது 'கெவெயாட்', வழக்கறிஞர் சொல்வது 'கேவியட்'. நாம் மூன்றாவதாக ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்த அம்மா மூன்றையும் ஒன்றென்று எப்படி அறிவார்? மலாய்மொழி தன் சட்டச் சொற்களை எப்படி அமைத்துக்கொண்டது என்று பாருங்கள். ஹக்கிம், வாரிஸ், அமானா என்று அரபியிலிருந்து எடுத்தது. அஃபிடாவிட், இன்ஜங்சி, பிளேய்ந்திஃப் என்று ஆங்கிலத்திலிருந்து எடுத்தது. அதனால் அம்மொழி தேய்ந்துவிடவில்லை. நீதிமன்றத்தில் ஆட்சி செய்கிறது.

எனவே என் கருத்து இது. நல்ல தமிழ்ச் சொல் மக்களிடம் ஏற்கெனவே வழங்கினால் அதையே கொள்வோம். இல்லையென்றால் தாளில் உள்ள சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே வைத்து, அதன் கீழே இரண்டு வரி நல்ல தமிழில் விளக்கம் எழுதுவோம். தமிழ்ப் பற்று அந்த இரண்டு வரியில் தெரியட்டும். மக்களிடம் வேறு பொருளில் வழங்கும் சொல்லானால், அதையும் வெளிப்படையாகச் சொல்வோம். எடுத்துக்காட்டாக:

சாமான்: நீதிமன்றத்திலிருந்து வந்தால் இது போக்குவரத்து அபராதம் அன்று. உங்கள் மேல் வழக்கு இருக்கிறது என்ற அழைப்பு. 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளின்படி, 'ரிட் சாமான்' கையில் கிடைத்த 14 நாட்களுக்குள் பதில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வரலாம். உடனே வழக்கறிஞரிடமோ சட்ட உதவித் துறையிடமோ காட்டுங்கள்.

பெஞ்சாமின்: பிணையாளர். சாட்சி அல்ல. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும். இரண்டு பேர் பிணையாளராக இருந்தாலும், 'பெர்செசாமா டான் பெராசிஙான்' என்று இருந்தால் முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம்.

இதைப் போல ஐம்பது சொற்கள் போதும் என்கிறேன். ஐயாயிரம் சொல் அகராதி வேண்டாம். கடன், வேலை, நிலம், வீட்டு வாடகை, மணவிலக்கு, காவல் நிலையம் ஆகிய இவற்றைச் சுற்றி ஐம்பது சொற்கள். சட்டத்துறை மாணவர் ஒருவர், மொழியியல் அல்லது இந்திய ஆய்வியல் மாணவர் ஒருவர் என இரண்டிரண்டு பேராக அமர்ந்து எழுத வேண்டும். வழக்கறிஞர்களாக இருக்கும் முன்னாள் மாணவர்கள் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். அச்சுக்குப் போகும் முன், மலாய்க் கடிதம் படிக்க இயலாத ஒரு பெரியவரிடம் வாசித்துக் காட்டி, "உங்களுக்கு என்ன புரிஞ்சது?" என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். அவர் "பாதிப் பாதி" என்று சொன்னால், நாம் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று பொருள்.

சட்டம் மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. 1967ஆம் ஆண்டின் திவால் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, நொடிப்புநிலைச் சட்டம் என்று பெயரே மாறியது. கல்விக் கடன், தான் குடியிருக்க வாங்கும் வீடு, சொந்தப் பயன்பாட்டு வாகனம் ஆகியவற்றுக்கு இலாபம் கருதாமல் பிணை நின்ற 'சமூகப் பிணையாளர்' மீது திவால் நடவடிக்கை எடுக்க முடியாது என்பது அந்தத் திருத்தம் தந்த பாதுகாப்பு. ஆனால் அந்தப் பாதுகாப்பு திவால் நடவடிக்கைக்கு மட்டுமே. பிணையாளரின் கடன் பொறுப்பு அதனால் மறைந்துவிடாது. தொழிலுக்காக வாங்கிய வாகனமானால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. இதை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? ஆகவே கையேட்டை ஒருமுறை வெளியிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடக் கூடாது. ஆண்டுதோறும் புதிய செயலவை பொறுப்பேற்கும்போது, கணக்குப் புத்தகத்தோடு இதையும் ஒப்படைத்துத் திருத்தச் சொல்ல வேண்டும்.

"இளைய தலைமுறைக்கு மலாய் நன்றாகத் தெரியுமே, இன்னும் இருபது ஆண்டில் இதற்குத் தேவையே இருக்காதே" என்ற வாதம் எழலாம். நான் படிவம் ஐந்தில் மலாய்மொழிப் பாடத்தில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவன். அத்தையின் கடிதத்தை அந்தத் தேர்ச்சியோடுதான் படித்தேன். மொழி தெரிந்திருந்தது, சொல்லின் செயல் தெரியவில்லை. இன்று இதை வாசித்துக் கொண்டிருக்கும் உங்களில் எத்தனை பேர் கல்விக் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்? அதில் உங்களுக்குப் பிணை நின்றவர் யார்? அவர் எதில் கையெழுத்திட்டார் என்று அவருக்கு நீங்கள் விளக்கினீர்களா? விடுமுறையில் வீட்டிற்குப் போகும்போது அந்த ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவரோடு ஒருமுறை அமர்ந்து படியுங்கள். ஐம்பதில் முதல் பத்துச் சொற்கள் அதிலேயே கிடைத்துவிடும்.

எங்கள் அத்தை இப்போதும் தெலுக் பங்லிமா காராங்கில்தான் இருக்கிறார். கடிதம் வந்தால் இன்றும் என்னைத்தான் அழைக்கிறார். நானும் படித்துச் சொல்கிறேன். ஆனால் சொல்லி முடித்ததும், "இப்போ நீங்க சொல்லுங்க அத்தை, என்ன புரிஞ்சது?" என்று கேட்காமல் எழுந்து வருவதில்லை. அவர் சரியாகச் சொன்ன பிறகுதான் மைலோவைக் குடிக்கிறேன்.